“ஒரே ஆள்” ராணி அக்காவுக்கு

ராணி அக்கா போய்விட்டார். ‘ராணி கொமினிகேஷன்’ ராணி அக்கா...

காலையில் அவருடைய தங்கை மகன் சுதாகர் போன் பண்ணினான். “பெரியம்மா போயிருச்சு மாமா” என்றான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹட்டன் பக்கம் எங்கள் சின்ன டவுனில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அக்காவின் கடை. போட்டோ கொப்பி, வெளிநாட்டுக்குப் பேச டெலிபோன் கோல், இன்டர்நெட்டுக்கு இரண்டு பழைய கம்பியூட்டர்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்து டவுனில் கடை போட்டவர். வாய் கொஞ்சம் நீளம். டவுனில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது, அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது.

நான் அப்போது பிரதேச சபையில் கம்பியூட்டர் ஒப்பரேட்டர். கொழும்பிலிருந்து புரொஜெக்ட்காரர்கள் வந்து சபைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருஷ வேலைத் திட்டத்தை அதில் போடுவோம், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் எழுதலாம், சேர்க்கலாம், திருத்தலாம்... அப்படி ஒரு ஏற்பாடு.

உண்மையில் யாராவது எழுதுவார்கள் என்று சபையில் ஒருவரும் நினைக்கவில்லை. ஆரம்பத்தில் மார்க்கெட் சாக்கடை நாறுகிறது என்று ஒரு கடை முதலாளி எழுதினார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை திறந்து பார்க்கிறேன்... பக்கம் முழுக்கக் கீழ் டிவிசன் ரோடு!

தோட்டத்துக் கீழ் டிவிசன் லயங்களுக்குப் போகிற ரோடு அது. ரோடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். லொறி போகாது, ஆம்புலன்ஸ் வராது.

முன்பொருமுறை அந்த ரோட்டில்தான் அக்காவின் தங்கையைப் பிரசவ வலியோடு கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில், கொட்டுகிற மழையில், தேயிலைக்கு நடுவில் பிறந்தவன்தான் காலையில் எனக்குப் போன் பண்ணிய சுதாகர். அந்தக் கோபம் அக்காவுக்குக் கடைசி வரைக்கும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வந்த கீழ் டிவிசன் ஆட்களை ஒவ்வொருவராகக் கடைக்குள் இழுத்து உட்கார வைத்திருக்கிறார். அவர்கள் சொல்லச் சொல்ல அக்கா டைப் அடித்திருக்கிறார். உள்ளே போக ஈமெயில் வேண்டும், அப்போது யாரிடம் இருந்தது? எல்லாமே ‘ராணி கொமினிகேஷன்’ என்ற ஒரே ஐடியில்.

சபைக் கூட்டத்தில் தலைவர் அந்தப் பக்கத்தின் பிரிண்டை மேசை மேல் வீசினார். “இதெல்லாம் ஒரே ஆளு எழுதினது. அழிச்சிருங்க” என்றார்.

நான் அழிக்கவில்லை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நேரே அக்கா கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரே ஆளா? அப்ப அந்த ஒரே ஆள அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டு வர்றேன்... உக்கார கதிரை போதுமான்னு பாத்து வைங்க சபைக்காரரே!”

வந்தார்கள். கொழுந்து எடுக்கிற நாள், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்கள். சபைப் படிக்கட்டு வரைக்கும் ஆள்.

தலைவர் மடக்கப் பார்த்தார். பிரிண்டைக் கையில் எடுத்து, “மழை பேஞ்சா ரோட்டுலயே மீன் புடிக்கலாம்... இது யாரு எழுதினது?” என்று கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். “நாந்தாங்க. நான் நண்டுன்னுதான் சொன்னேன், ராணிதான் மீனுன்னு போட்டுருச்சு.”

சபை முழுக்கச் சிரிப்பு. தலைவர் அடுத்த வரியை வாசித்தார், வாசித்து முடிப்பதற்குள் இன்னொருவர் எழுந்து மிச்சத்தைச் சொன்னார். அதற்கடுத்த வரிக்கு வேறொருவர்... கடைசியில் அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

“சரி... ஆனா அது தோட்டத்துக் காணி. அங்க சபைக் காசு செலவழிக்கச் சட்டத்துல இடமில்ல” என்றார்.

அக்கா எழுந்தார். “எலெக்சனுக்கு ஓட்டுப் பொட்டி அந்த ரோட்டுலதானேங்க வந்துச்சு? அன்னைக்கு யாரு காணின்னு கேட்டீங்களா?”

தலைவர் கீழே வைத்த பேப்பரைத் திரும்பக் கையில் எடுத்தார்.

ரோடு வேலைத் திட்டத்தில் ஏறியது. கொங்கிரீட்டும் போட்டார்கள்... தோட்டத்து எல்லைக் கல் வரைக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் கூடப் போடவில்லை.

நான் நொந்துபோய் நின்றேன். அக்கா அந்தக் கல் மேலேயே ஒரு காலைத் தூக்கி வைத்தார். “இம்புட்டாவது புடுங்குனோம்ல. மிச்சத்துக்கு நான் இருக்கேன்ல” என்றார்.

புரொஜெக்ட் முடிந்தது, வெப்சைட்டும் ஒருநாள் காணாமல் போனது. “எங்க ஆளுங்க எழுதினதெல்லாம் எங்கங்க?” என்று சபை வாசலில் வந்து சண்டை போட்டார்.

இப்போது அந்தச் சட்டம் மாறிவிட்டது, தோட்டத்துக்குள்ளும் சபைக் காசு செலவழிக்கலாம் என்கிறார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் அதே சேறு.

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், அடக்கம் அவர் பிறந்த கீழ் டிவிசனில்தான். வேன் கல் வரைக்கும்தான் வருமாம்... அங்கிருந்து கீழ் டிவிசனுக்குத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றான் சுதாகர்.

சபைக்கு இப்போது முகநூல் பக்கம் இருக்கிறது. நாடா வெட்டுகிற படங்கள்தான் நிறைய. கொஞ்ச நேரம் முன்பு அதில் போய், கீழ் டிவிசன் ரோடு எங்கே என்று எழுதிவிட்டு வந்தேன். என் பெயரில்.

நீங்களும் போய் எழுதுங்கள். அவரவர் பெயரில். இந்த முறையும் ஒரே ஆள் என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

போயிட்டு வாங்க அக்கா. கல்லுகிட்ட நிக்கிறேன், தோள் குடுக்க.