கண்டிச் சீமை வாய்ப்புண்

இந்த மலைக் குளிரில் எல்லாரும் தேயிலைத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறார்கள். நான் மட்டும் பச்சைத் தண்ணீராக ஆற வைத்துக் குடிக்கிறேன். ஆறினது போல இருக்கும், மறுபடி நாக்கோரத்திலும் உதட்டின் உள்ளேயும் புண் கிளம்பிவிடும். காரணம் சொல்லத்தான் ஆளுக்குப் பஞ்சமில்லை. உடம்புச் சூடு என்கிறார் என் வீட்டுக்காரர். யுத்த காலத்து ரேஷன் மாவு என்கிறாள் அடுத்த வீட்டுக்காரி. எங்களை வேலை வாங்கும் கங்காணியோ வாய்க்கொழுப்பு என்கிறான்.

நம் அரியலூர்ப் பக்கம் வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிதானே? அந்த விதையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தூவினேன். நன்றாகத்தான் வந்தது. ஒருநாள் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்கார டாக்டர் என் வாயைப் பார்த்தார், செடியில் கறுத்திருந்த பழத்தையும் பார்த்தார். "பாய்சன்!" என்று கத்தினார். இந்த விஷத்தைத் தின்றுதான் என் வாய் வெந்துபோயிற்றாம்!

"தொரை, இது மருந்துங்க" என்று ஒரு பழத்தை வாயில் போட்டுக் காட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கங்காணி பல்லை இளித்துக்கொண்டு செடியை வேரோடு பிடுங்கினான். அவனும் எங்கள் பக்கத்து அரும்பாவூர்க்காரன்தான், இந்தக் கீரையைத் தின்று வளர்ந்தவன்தான். துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

யுத்தம் முடிந்ததும் கப்பலேறி, ஊரிலிருக்கும் அக்கா வீட்டுக்கு ஒருமுறை போனேன். ஆசையாகக் கீரை கடைந்து வைத்திருந்தாள். ஆனால் குடிக்கத் தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"கோவிச்சுக்காதடி. கண்டித் தண்ணியில வந்த புண்ணு. புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா என்னா பண்றது?"

பண்ணை வீட்டு வாசலில் எங்கள் அப்பாவுக்குக் கொட்டாங்குச்சியில்தான் கூழ் ஊற்றுவார்கள். அந்தக் கேவலம் வேண்டாமென்றுதான் கடல் தாண்டினேன். அதையே கூடப் பிறந்தவள் நீட்டினால் எப்படிப் பொறுப்பேன்? வீசி எறிந்துவிட்டு, அழுதுகொண்டே அரியலூர்க் கடைத்தெருவுக்கு நடந்தேன். ஒரு பித்தளைத் தம்ளர் வாங்கி, பேர் வெட்டச் சொன்னேன்.

"செல்லம்மான்னு வெட்டுங்க."

கடைக்காரர் உளியை எடுத்தார். "எந்த ஊரு செல்லம்மான்னு போடட்டும்?"

வாயெல்லாம் எரிந்தது. "ஊரு வேணாங்க. பேரு மட்டும் போதும்."

"அப்புறம் போட்டுக்கலாம்மா" என்று, பேருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வெட்டிக் கொடுத்தார். அந்த இடம் இன்னும் வழவழவென்று வெறுமையாகவே இருக்கிறது.