ஹோன் கட்டும் பதியுதீன்

பள்ளிவாசல் மைக்கில் "பிஸ்மில்லாஹ்" என்று மட்டும் சொல்லிப் பார்ப்பார். பாலாவிப் பக்கத்து விகாரையில் ஒன்று, இரண்டு என்று சிங்களத்தில் "எக்கய், தெக்கய்". பிள்ளையார் கோயிலில் வேலை இன்னும் இலகு; "ஓம்... ஓம்..." என்றாலே போதும், 'ஆமாம்' என்கிற ஊர்ப் பேச்சும் ஆயிற்று, கோயிலுக்கும் பொருந்தியாயிற்று. அந்தோனியார் கோயிலில் "தோத்திரம்" என்று தொடங்கி, அது தன் வாய்க்குக் கொஞ்சம் அதிகம் என்று பட்டதும் "மைக் டெஸ்ட்" என்று முடித்துக்கொள்வார். மூன்று என்று எந்த மொழியிலும் எண்ணியதில்லை. "ரெண்டுலயே தெரிஞ்சிரும். மூணாவது பெருமைக்குச் செல்லுறது" என்பது பதியுதீனின் கட்சி.

புத்தளக் கரையிலுள்ள கண்டக்குழியில் 'சவுண்ட் பதியுதீன்' என்றால்தான் ஆள் பிடிபடும். விழாக்களுக்கு மைக்கும், ஹோன் என்கிற குழாய் ஒலிபெருக்கியும் கட்டுவது தொழில். ஐம்பத்தொரு வயது, கருவாட்டு உடம்பு, எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த தலை. எதையும் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதே அவருக்கு வசதி. கடைக்குப் போனால் தராசைப் பார்க்கமாட்டார், அரிசி விழுகிற சத்தத்தைக் கேட்டு நிறை சொல்வார். பாதி நாள் பிழையாகப் போகும்.

கடைக்குப் பெயர் வைக்க இரண்டு மாதம் யோசித்தார். 'அல்' என்று தொடங்கினால் ஒரு கூட்டம் முகம் சுளிக்கும், 'ஸ்ரீ' என்று தொடங்கினால் இன்னொன்று, புனிதர் பெயருக்கு முன் வருகிற 'சென்' என்று வைத்தால் மற்றது. கடைசியில் 'சமுத்திரா சவுண்ட்ஸ்' என்று மூன்று மொழியில் பலகை எழுதினார். கடல் எல்லோருக்கும் பொது என்பது அவர் கணக்கு. பலகை எழுதியவன் தன் பங்குக்கு ஒரு மீனையும் வரைந்துவிட்டான். இன்றைக்கும் ஞாயிறு காலையில் யாராவது தொலைபேசி எடுத்து விளமீன் இருக்கிறதா என்று கேட்பார்கள். "இல்ல, முடிஞ்சி" என்று பதியுதீன் பதில் சொல்வார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் காலை போய்விடும்.

சட்டையில் நான்கு பைகள், நான்கு பென்டிரைவ்கள். பச்சை டேப் சுற்றியது பள்ளிக்கு, நீலம் அந்தோனியாருக்கு, சிவப்பு பிள்ளையாருக்கு, மஞ்சள் விகாரைக்கு. ஒருமுறை அவருடைய மனைவி மஹ்மூதா சட்டையை அப்படியே நனைக்கப் போட்டதில் நான்கும் ஒன்றாக ஊறின. வெயிலில் காய்ந்த பிறகு எல்லாம் வேலை செய்தன, டேப்புகள்தாம் கழன்று இடம் மாறிவிட்டன. மறுநாள் ஆலங்குடாவில் ஒரு கல்யாணம். மணமகள் வீட்டைவிட்டு இறங்குகிற நேரம் பார்த்துப் பதியுதீன் பச்சையைச் செருக, யேசு இறந்த பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியின் முதல் இழுவை புறப்பட்டது. அவர் பாய்ந்து நிறுத்துவதற்குள், சொல் ஒன்றும் வருமுன்னே, மணமகளின் உம்மாவும் மாமிமாரும் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்கள். "இப்பிடி ஒரு பாட்டு எங்கால எடுத்தீங்க நானா?" என்று பிறகு இரண்டு பேர் விசாரித்தார்களாம்.

மதங்களைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒலியைப் பற்றித்தான் சொல்வார். "மௌலவிக்கு எக்கோ ஆவாது, எழுத்து எழுத்தா விளங்கணும். ஃபாதருக்கு எக்கோ இல்லாட்டி பிரசங்கம் ஏறாது. ஐயருக்கு மணிச்சத்தம் தூக்கலா இரிக்கணும். விகாரையில சத்தம் பதமா ஓடணும், கூட்டவும் கூடா, குறைக்கவும் கூடா. கட்சிக்காரருக்குச் சத்தம் மட்டும் போதும், விளங்கத் தேவல்ல."

இத்தனை பாட்டும் ஒரே தலைக்குள் கிடந்தால் ஒன்று தவறி வெளியே வரத்தானே செய்யும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்ய உட்காருவார். முழங்கை நனையும்போது வாயில் மாதா நவநாள் பாட்டு முனகலாக ஓடும். "அல்லாட காவல்! ஒளு முறிஞ்சிரும், வாய மூடிக்கிட்டுச் செய்ங்க" என்று உள்ளிருந்து மஹ்மூதாவின் குரல் வரும். "மெட்டுத் தானா வருது புள்ள. மாதா எண்டா மர்யம் அலைஹிஸ்ஸலாம், நம்மளுக்கும் உள்ளவங்கதானே" என்பார். மஹ்மூதா விடமாட்டார். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, பத்து வயதில், மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்திறங்கியவர் அவர். வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் ஊருக்கு இன்னும் 'மன்னார் மஹ்மூதா'தான். "எனக்கு ஒரு ஊரே உருப்படியா அமையல்ல, இவருக்கு நாலு சமயம் கேக்குது" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, புருஷன் திருவிழாவுக்குப் போட்டுப் போகும் சட்டைக்கு இஸ்திரி போடுவார்.

சென்ற வருஷம் இவர்களுடைய மகள் ஜுமானாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. புத்தளம் டவுனில் தரை ஓடு விற்கும் முபாரிஸ் ஹாஜியாரின் மகன் ரிப்கான். இருவரும் பாலாவியில் ஒரே கணினி வகுப்பில் படித்தவர்கள் என்ற விஷயத்தை இரண்டு வீடும் தெரியாதது போலவே வைத்துக்கொண்டன. ஹாஜியார் வந்தார், சீனி வியாதியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்போல இனிப்பு வட்டிலாப்பம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், எல்லாம் பொருத்தம் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு விசயம். பள்ளிக்கு ஹோன் கட்டுங்க, மீட்டிங்குக்குக் கட்டுங்க, நல்ல காரியம். வேற ஆக்கள்ட கோயில் வழிய பாட்டுப் பெட்டி தூக்கிக்கிட்டுத் திரியிறது நம்மட சம்பந்தத்துக்குச் சரிவராது. நாலு பேர் கேட்டா நான் என்னத்தச் செல்லுற?"

ஹாஜியார் கெட்டவர் அல்லர். அந்த நாலு பேருக்குப் பயந்தவர். அது அவருடைய சீனி வியாதியைவிடப் பழைய வியாதி. பதியுதீன் தலையைச் சாய்த்துக் கேட்டார். திரைக்குப் பின்னால் மகளின் வளையல் அசையாமல் நின்றதும் அவர் காதுக்குக் கேட்டது. "சரி ஹாஜியார்" என்றார்.

பிள்ளையார் கோயிலுக்கும் விகாரைக்கும் இனி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தோனியார் கோயிலுக்கு மட்டும் நேரில் போனார். அங்கே திருவிழாச் சபையின் செயலாளர் எமிலியா. கருவாட்டு வியாபாரி, பேச்சிலும் உப்பு உண்டு. இருபத்திரண்டு திருவிழாவுக்கு ஹோன் கட்டிய மனுஷன் வாசலில் நின்று மகளின் விஷயத்தைச் சொன்னதை எமிலியா முழுதாகக் கேட்டுக்கொண்டார். முடிந்த பிறகுதான், "காணாமப் போனதையெல்லாம் எடுத்துத் தாற அந்தோனியாருக்கே, சவுண்ட்காரரக் காணல்ல எண்டு மனுக் குடுக்கச் சொல்றீங்களா நானா?" என்றார்.

சிரிக்கத்தான் சொன்னார். பதியுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஈஸ்டர் அன்று முஸ்லிம் பெயர்க்காரர் சிலர் கிறிஸ்தவக் கோயில்களில் குண்டு வெடிக்க வைத்த அந்த வருஷம், இனி யார் முகத்தில் விழிப்பது என்று அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது எமிலியா வாசல் படலையில் வந்து நின்று, "ஹோன் கட்டல்லியா? பாட்டுக் கேட்டாத்தானே பயந்த சனம் வெளிய வரும்" என்று கூப்பிட்டுக்கொண்டு போனவர். அப்படிப்பட்டவரிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று மஹ்மூதா இரண்டு தரம் கேட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் மாதம், திருவிழா ஞாயிற்றுக்கிழமை. நிக்காஹ்வுக்கு நாள் குறிக்க ஹாஜியார் பதினொரு மணிக்கு வந்து கதிரையில் அமர்ந்தார். கோயிலுக்குச் சிலாபம் பக்கத்திலிருந்து புது சவுண்ட் செட் ஒன்று வந்திருந்தது. பூசை முடிந்து பாட்டுப் போடத் தொடங்கியதும் பதியுதீனின் முகம் பல்வலிக்காரன் முகமாகிவிட்டது. கோயில் கடற்கரையில், வீடுகளும் பள்ளிவாசலும் அதற்குக் கிழக்கே. கச்சான் காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து அடிக்கிற காலத்தில், வந்தவன் ஹோன்களையும் ஊரைப் பார்த்தே கட்டியிருந்தான். பாட்டு வீட்டுக்குள் வந்து தட்டுமுட்டுச் சாமான்களை ஆட்டியது.

"வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறகு வெச்சா நல்லம்" என்றார் ஹாஜியார்.

"பாட்டுல பாஸ் கூடிப்போச்சு" என்றார் பதியுதீன்.

"என்ன?"

"இல்ல ஹாஜியார், நீங்க செல்லுங்க."

அந்தச் சத்தத்தில் சொல்வதற்கு வழி இல்லை. மைக் ஒன்று கூவியது. ஹாஜியார் காதைப் பொத்தினார். மணி பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் பள்ளியில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு. ஜன்னல் வழியே பார்த்தால், பள்ளி வாசலில் ஐந்தாறு பேர் எழுந்து நின்று கடற்கரைப் பக்கம் கை நீட்டிப் பேசுவது தெரிந்தது. ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தான். ஊருக்கு வெளியே இருந்து பார்க்கிற ஆயிரம் பேருக்குக் கலவரம் மூட்ட அது போதும்.

"இவங்களுக்கு நம்மட பாங்கு நேரம் தெரியாதா? இவ்வளவு காலமும் இப்பிடித்தானா நடத்தின?" என்று ஹாஜியார் கோபத்தோடு கேட்டார்.

தேநீர்த் தட்டோடு வந்த மஹ்மூதா கதவோரம் நின்றார். "இவ்வளவு காலமும் தெரிஞ்ச ஆள் இந்தா கதிரையில குந்திக்கிட்டு இரிக்காரு ஹாஜியார்."

பிறகு மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். பாங்கு நேரம் வந்தால் கோயில் பாட்டைத் தணிப்பது பதியுதீன். பள்ளியில் ஒலிபெருக்கி வைத்து மௌலூது ஓதுகிற நாளில் கோயில் மணி அடித்தால் இங்கே தணிப்பதும் பதியுதீன்தான். யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்காரர் அதைக் கோயில்காரரின் நல்ல குணம் என்று நினைத்திருந்தார்கள். கோயில்காரர் அதைப் பள்ளிக்காரரின் நல்ல குணம் என்று நினைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

பதியுதீன் எழுந்துவிட்டார். உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. போனால் மகளின் காரியம் கெடும். இருந்தால் ஊர் கெடும். அவர் திரையைப் பார்த்தார். திரை விலகி, ஜுமானா வெளியே வந்து, ஹாஜியார் இருப்பதையும் பாராமல் சொன்னாள்.

"போங்க வாப்பா."

ஹாஜியார் தேநீரை ஒரு மிடறு குடித்தார். கோப்பையை வைத்தார். அவருடைய நாலு பேரையும் மனத்துக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்திருப்பார் போலும்.

"மோட்டர்சைக்கிள் இரிக்கா?" என்று கேட்டார். "நான் ஒண்டும் செல்லல்ல. பின்னால ஏறி வாறன். பாங்குக்கு முந்திப் போவணும்."

வெள்ளை ஜுப்பா காற்றில் படகுப் பாய்போல உப்ப, அந்தோனியார் கோயில் முற்றத்தில் ஹாஜியார் வந்து இறங்கியபோது கொடிகளுக்குக் கீழே நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எமிலியா சேலைத் தலைப்பால் ஒரு கதிரையைத் துடைத்து, நிழல் இருந்த ஒரே இடத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். ஹாஜியார் அதன் விளிம்பில் அமர்ந்தார்.

சிலாபத்துக்காரன் வயது குறைந்தவன், வியர்த்துக் கொட்டினான். அவனுக்கும் சத்தம் கைமீறிப் போனது தெரிந்திருந்தது. பதியுதீன் அவன் தோளில் தட்டி, "மூது பெத்தட்ட, மல்லி" என்று சிங்களத்தில் சொல்லி, ஹோனைக் கடல் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைக் கையாலும் காட்டினார். கடலைப் பார்த்துக் கட்டினால் காற்றே பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் போட்டுவிடும், ஊருக்குள் போகாது. ஏணி தென்னையில் சாத்தப்பட்டது. அடித்த காற்றுக்கு அது நிற்கவில்லை. சிலாபத்துக்காரன் இரு கையாலும் பிடித்துக்கொள்ள, பதியுதீன் சாரத்தை மடித்துக் கட்டி ஏறினார். முதல் ஹோனின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது, பள்ளிவாசல் மைக்கில் பாங்கு சொல்லும் முஅத்தின் தொண்டையைச் செருமுகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. மற்ற யாருக்கும் கேட்கவில்லை.

கீழே பார்த்தார். அம்ப் பெட்டிக்குக் கிட்ட இருந்தது ஒரே ஒரு ஆள்.

"ஹாஜியார்! வலப் பக்கத்துப் பெரிய குமிழ்! மெல்லமா இடப் பக்கம் திருப்புங்க!"

ஹாஜியார் குமிழைப் பார்த்தார். முற்றத்துச் சனத்தைப் பார்த்தார். பிறகு ஜுப்பாவின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவர்போல் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். அந்தோனியார் பாட்டு படிப்படியாக இறங்கி நின்றது. அந்த இடைவெளிக்குள் பாங்கு வந்தது. எமிலியா முக்காட்டைச் சரிசெய்தார். ஹாஜியார் உதடு அசைத்து பாங்குக்குப் பதில் சொன்னார். விரல்களைக் குமிழிலிருந்து எடுக்கவில்லை.

பாங்கு முடிந்தது. எவ்வளவு கூட்டுவது என்று கேட்கிற முகத்தோடு ஹாஜியார் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பதியுதீன் மேலேயிருந்து உள்ளங்கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்ட, ஹாஜியார் அந்த அளவுக்குச் சரியாகத் திருப்பினார், ஒரு நூல்கூடக் குறைக்காமல்.