மணமகள் அறையில் இரண்டு சிப்புகள்

போன முகூர்த்தத்தில் ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணம். பெண்ணும் எனக்குச் சொந்தமில்லை, மாப்பிள்ளையும் சொந்தமில்லை. நான் போனது ஒரு சிப்புக்குத் துணையாக!

அறந்தாங்கியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கலைச்செல்வி அக்காவுக்குப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டரின் மூளை பிராசஸர் என்னும் சிப் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் செய்யும் கம்பெனிகளில் இரண்டு பரம எதிரிகள். பெயர் எதற்கு? சிவப்பு, நீலம் என்று வைத்துக்கொள்வோம். ‘உலகிலேயே வேகமான சிப் எங்களுடையதுதான்’ என்று சிவப்பு அறிவிக்கும். அந்த போஸ்டரின் பசை காய்வதற்குள் நீலம் கொஞ்சம் வேகத்தைக் கூட்டி இன்னொன்றை இறக்கும். மறுபடி சிவப்பு...

இந்தச் சண்டையை கிரிக்கெட் மேட்ச் மாதிரி பார்ப்பவன் நான். என் கட்சி சிவப்பு. என் மச்சான் சரவணன் நீலம். சொந்த அத்தை மகன்தான். ஆனால் சிப் என்று வந்துவிட்டால் அவன் யாரோ, நான் யாரோ!

கல்யாணத்துக்கு வருகிறேன். அக்கா பெண் வீட்டாருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் எடுக்கும் முகூர்த்தம், மாலை ரிசப்ஷனில் பெரிய திரையில் படமாக ஓட வேண்டும். அவர் ஸ்டுடியோவுக்கு இது முதல் முறை. இன்னொன்றும் உண்டு – பெண்ணின் அண்ணன் குவைத்தில் வேலை பார்க்கிறார். விமானம் தாமதம். தாலி கட்டிய நேரத்தில் அவர் நடுவானில் இருந்தார். தங்கையின் கல்யாணத்தை அவர் பார்க்கப்போவதே அந்தத் திரையில்தான்.

மண்டபத்து மாடியில் எங்களுக்கு ஓர் அறை. கம்ப்யூட்டரை மாட்டி முடித்ததும் அக்கா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். மேடை அலங்காரத்தில் மிஞ்சிய கதம்ப மாலையை இரண்டு சுற்றாகச் சுற்றிப் போட்டார்.

“புது மெஷினு, மொத வேலை. சும்மா ஆரம்பிக்கக் கூடாது தம்பி.”

எனக்கும் பெருமைதான். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

மத்தியானத்துக்குள் அக்கா எடிட்டிங்கை முடித்துவிட்டார். இனி எல்லாத் துண்டுகளையும் ஒரே படமாகக் கடைந்தெடுக்க வேண்டும். ரெண்டரிங் என்பார்கள். சிப்பின் வேகம் தெரிவது இங்கேதான். சரியாக அந்த நேரம் பந்தி முடித்து, வாயில் வெற்றிலையோடு, தோளில் லேப்டாப்போடு சரவணன் மேலே வந்தான். அவன் மாப்பிள்ளையின் சிநேகிதன். லேப்டாப் இல்லாமல் கல்யாணத்துக்கும் போக மாட்டான்.

“என்ன மாப்ள, இன்னும் ஒன் செவப்பு உருட்டிக்கிட்டுத்தான் இருக்கா?”

“ஆரம்பிக்கவே இல்ல மச்சான். ஆரம்பிச்சா நீ வெத்தலைய மென்னு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“அப்ப வச்சுப் பாத்துருவமா?”

“ஏம்ப்பா, வெளயாட இடமா இல்ல ஒங்களுக்கு?” என்றார் அக்கா. ஆனாலும் எது முந்தினாலும் லாபம்தானே? படத் துண்டுகளை அவனுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அவன் ஜமக்காளத்தில் லேப்டாப்பை வைத்துக் குப்புறப் படுத்தான். இரண்டு மெஷினிலும் ஒரே சமயத்தில் ஓடவிட்டோம்.

முடிய இருபது நிமிடம் என்றது என் திரை. சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து நாற்பது நிமிடம் என்றது. அப்புறம் ஒன்றரை மணி நேரம்! சரவணன் பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கும் அதே கதை. கீழே நாதஸ்வரக்காரர்கள் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த வாசனை... மல்லிகையையும் மரிக்கொழுந்தையும் வெந்நீரில் போட்டு வேகவைத்த மாதிரி.

மாலை! கம்ப்யூட்டர் காற்று இழுக்கும் வலையை அடைத்துக்கொண்டு தொங்கியது. உள்ளே அனல். சரவணனின் லேப்டாப்புக்கோ அடியில்தான் மூச்சுத் துவாரம். அதை ஜமக்காளம் அடைத்துவிட்டது. சூடு ஏறினால் சிப் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிவப்பானாலும் நீலமானாலும் அதுதான் குணம்.

“அக்கா, மாலையக் கழட்டணும்.”

“முகூர்த்த நாளும் அதுவுமா போட்ட மாலையவா?” என்றவர், கழற்றிக் கண்ணில் ஒற்றி, கேமரா ஸ்டாண்டுக்குப் போட்டார்.

ஆனாலும் அந்த அறைக் காற்றே அடுப்படி மாதிரி இருந்தது. மண்டபத்தில் ஏசி இருப்பது ஒரே அறையில்தான். மணமகள் அறை! அக்கா போய்க் கதவைத் தட்டினார். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய நிலையில் பெண் உட்கார்ந்திருந்தாள். அலங்காரம் செய்பவர் பதறினார்: “மேக்கப் உருகிருங்க, இங்கிட்டெல்லாம் கம்ப்யூட்டரக் கொண்டாராதீங்க.”

“எனக்கு விடுற காத்துல பாதிய அதுக்கு விடுங்கக்கா. எங்கண்ணன் புதுக்கோட்டை தாண்டிட்டானாம்” என்றாள் பெண்.

எங்கள் இரண்டு பேருக்கும் கதவோரம் இடம். சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு. அடுத்த உத்தரவு அக்காவுடையது: “ரேஸ் போதும். மொதப் பாதி நீ ஓட்டு தம்பி. பிற்பாதி சரவணன். நான் ஒட்டிக்கிறேன்.”

எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு என்னமாய் ஓடியது தெரியுமா!

விளம்பரத்தில் சொல்வதெல்லாம் குளிர்ந்த அறையின் வேகம். காற்றை அடைத்துவிட்டால் எந்த ராஜாவும் தவழ்வார். மனிதர்கள் மட்டும் என்னவாம்? விழுந்த மாலைகளுக்குள் மூச்சு முட்டி வேகம் குறைந்தவர்கள் எத்தனை பேர்...

ரிசப்ஷன் திரையில் படம் ஓடத் தொடங்கியபோது அண்ணன் பெட்டியோடு உள்ளே நுழைந்தார். பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்று பார்த்தார். திரையில் கெட்டிமேளம். அவருக்கென்று அம்மா காலையிலேயே முடிந்து வைத்திருந்த அட்சதையை அவர் கையில் கொடுத்தார். அண்ணன் அதைத் திரையைப் பார்த்து வீசினார். மேடையில் இருந்த பெண் அழுதுகொண்டே சிரித்தாள். அத்தனை பாடுபட்ட மேக்கப் அங்கேதான் கரைந்தது!

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தில் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

சரவணன் என் காதருகே குனிந்தான். “தாலி கட்டுனது நீலத்துல மாப்ள. முந்தி முடிஞ்சதும் அதுதான்.”

ஏசி அவன் பக்கம் கொஞ்சம் கூடுதலாக அடித்தது. அவ்வளவுதான்!