கருப்பட்டி வண்டிக்கு ஒரு கையெழுத்து

துறைமுகச் சாலையில் சரக்கு ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில் பாக்கி வசூல் ஜெபசெல்வியின் வேலை. பதினோரு வருடம். யார் செவ்வாய்க்கிழமை பணம் தரமாட்டார்கள், யாரிடம் சாப்பாட்டுக்கு முன் கேட்கக்கூடாது என்பதெல்லாம் மனப்பாடம். பழைய பாக்கி தீர்ந்தது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் வியாபாரியின் அடுத்த கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போகும்.

நாசரேத்தில் தங்கை கல்யாணம் முடிந்து, மூன்று நாள் லீவுக்குப் பிறகு அன்று மதியம்தான் வந்து உட்கார்ந்தாள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த மேனேஜர் கிருபாகரன் மேசைக்கே வந்துவிட்டார்.

"காயல்பட்டினம் மூஸா நெய்னா. ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் வரலை. திங்கட்கிழமையே கட்டிட்டேன்னு பொய் சொல்றார். வண்டியைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்தச் சொல்லிட்டேன்."

வண்டியில் உடன்குடிக் கருப்பட்டி. நாலு மணிக்குள் உள்ளே போகாவிட்டால் துபாய்க் கப்பலில் ஏறாது. மணி மூன்றேகால்.

"அவரு பொய் சொல்லமாட்டாரு சார்."

"பேங்க்ல அவர் பேரே இல்லையே?"

"அவரு பேருல என்னைக்குமே வராது."

முதல் வருடம் அவளும் அவர் பெயரைத்தான் தேடினாள். கிடைக்காமல், நோட்டீஸோடு வீட்டுக்கே போய்விட்டாள். அவர் மனைவி பதுருன்னிஸா போனைக் கொண்டுவந்து, தன் கணக்கிலிருந்து பணம் போயிருந்ததைக் காட்டினார். அந்த வீட்டில் மருமகன்கள் வளைகுடாவில். வீடு பெண்கள் பெயரில், பணமும் பெண்கள் கணக்கில். போன் வழியாக ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும். அன்று நோட்டீஸைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஜெபசெல்வி, யாருடையது என்று தெரியாத வரவுகளின் பட்டியலைத் திறந்தாள். திங்கட்கிழமை, பத்து நிமிடத்துக்குள் மூன்று வரவு. பதுருன்னிஸா ஒரு லட்சம். மூத்த மகள் ஷஃபீகா ஒரு லட்சம். இளையவள் ருமைஸா முப்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

கிருபாகரன் கூட்டிப் பார்த்தார். "ஆயிரத்து இருநூறு குறையுதே."

"எடை போட்ட கூலி சார். பில்லுல ரெண்டு தடவ போட்டுட்டியன்னு ஒரு மாசமா சண்ட பிடிக்காரு. கரெக்டா அதக் கழிச்சுருக்காரு. வேற யாரு இப்படி அனுப்புவா?"

"தப்பா இருந்தா பொறுப்பு உங்களோடது."

"என்னோடதுதான்." கையெழுத்துப் போட்டாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூஸா நெய்னாவே கூப்பிட்டார். "வண்டி உள்ள போயிட்டும்மா. நீ லீவு போட்டா அந்தப் புது ஆளு என்னையக் களவாணி ஆக்கிப்புடுதாரே!"

"பணம் அனுப்பும்போது உங்க பேர ஒரு வரி எழுதச் சொன்னா என்ன காக்கா?" அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அதான் உனக்குத் தெரியுமே."

"சரி, அந்த ஆயிரத்து இருநூறு?"

"அது உங்க தப்புல்லா?"

"எடைச் சீட்டப் பாத்துட்டேன். முத எடைக்குப் பொறவு நாப்பது மூட்ட ஏத்துனது யாரு? அதான் ரெண்டாவது எடை."

மறுமுனையில் சிரிப்பு. "ஏம்மா, அதையும் பாத்துட்டியா?"

ஜெபசெல்வி பட்டியலை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது நிமிடம் ஆயிரத்து இருநூறு வந்தது. ருமைஸா பெயரில்.