யாக்லிகா அத்தையின் முந்நூற்றுப் பன்னிரண்டு

எங்கள் மலையில் மழை பெய்வதில்லை. யாரோ மேலே உட்கார்ந்துகொண்டு அண்டா அண்டாவாகக் கவிழ்க்கிறார்கள். அதை அளப்பது பக்கத்து வீட்டு யாக்லிகா அத்தையின் வேலை. தினமும் காலை ஏழு மணிக்கு மழைமானியில் விழுந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளப்பார், நோட்டில் எழுதுவார், தலைநகருக்குப் போனில் சொல்வார். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். கல்யாணத்தன்று இதற்காகப் பாதிரியாரையே காக்க வைத்தாராம். கால் முறிந்த குளிர்காலத்தில் பலகையில் உட்கார்ந்து பனியில் சறுக்கிக்கொண்டு போனார். தள்ளிவிட்டது நான்தான். கொஞ்சம் வேகமாகவே.

போன நவம்பரில் ஒரே நாளுக்கு 312 மில்லிமீட்டர் என்று எழுதினார். பல நாடுகள் சேர்ந்து உலக மழையை அளக்கப் பறக்கவிட்டிருக்கும் செயற்கைக்கோள்களோ, அதே நாளுக்கு 94 என்றன. தலைநகர் வானிலை ஆபீசிலிருந்து ராடோய்ட்சா சார் போனில் பாய்ந்தார்.

"ஏம்மா, இத்தனை நாடு சேர்ந்து அளந்தது தப்பு, உங்க தகர டப்பா சரியா?"

"டப்பா மூணு தடவை நிரம்பிச்சு சார். மூணு தடவையும் நான் நனைஞ்சு போய்க் காலி பண்ணேன். உங்க செயற்கைக்கோள் நனைஞ்சுதா?"

நேரில் வந்து நோட்டைப் பார்ப்போம், நம்பும்படி இல்லையென்றால் இந்த மழை அளக்கும் நிலையத்தையே மூடுவோம் என்றார் அவர். அதற்கு முந்தின ஆகஸ்டில், ஒரு மேகம்கூட இல்லாத நாளில், விளையாட்டாக ஆட்டுத் தொட்டித் தண்ணீரை அந்த மழைமானிக்குள் ஊற்றியவன் நான். அது நோட்டில் மழையாக ஏறியிருந்தால் அத்தை தொலைந்தார்.

சாருடன் அந்தச் செயற்கைக்கோள் கணக்கைப் பார்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள்: ஜப்பானிலிருந்து இசோபே, இத்தாலியிலிருந்து ஒர்னெல்லா. ஒர்னெல்லாவுக்கு எங்கள் பாஷை தெரியும். மேஜைமேல் புகைபோட்ட பன்றித் தொடை காத்திருந்தது, யாரும் தொடவில்லை. இசோபே நோட்டையும் தன் கணினியையும் ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டுக்கொண்டே வந்து, ஆகஸ்ட் ஒன்பதில் விரலை நிறுத்தினார். ஒர்னெல்லா சத்தமாகப் படித்தார்:

"குழாயில் 14. மழை 0. தண்ணீரில் ஆட்டு முடி. பக்கத்து வீட்டு வுகோட்டா."

வுகோட்டா நான்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அத்தை... அப்பவே தெரியுமா?"

"ஏழு மணிக்கு முன்னாடி நீ எந்திரிச்சதே அந்த ஒரு நாள்தானேடா!"

இசோபே கணினியைத் திருப்பிக் காட்டினார். அன்றைக்குச் செயற்கைக்கோளும் பூஜ்யம். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல, ஒர்னெல்லா எங்களுக்குச் சொன்னார்: "ஆட்டு முடியைக்கூட விடாம எழுதுறவங்க எரநூறு மில்லிமீட்டர் பொய் எழுத மாட்டாங்க. இந்த மலையில மழை சரிவை ஒட்டி ரொம்பத் தாழ்வா உருவாகுது. மேலேருந்து பாக்கறப்போ எது மலை, எது மழைன்னு பிரிக்க முடியல. திருத்த வேண்டியது எங்க கணக்கைத்தான். அதுக்கு இந்த நோட்டு வேணும்."

312 அப்படியே நிலைத்தது. நிலையமும் தப்பியது. ராடோய்ட்சா சாரின் கையில் அத்தை பிளம் சாராயத்தைத் திணித்தார். "குடிங்க சார். தகர டப்பாவுக்காக!" சார் ஒரே மடக்கில் குடித்து இருமினார்.

இசோபே அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போனார். ஜப்பானில் ஏதோ ஒரு கணினிக்குள் ஆட்டு முடிக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தூரம் போனவன் நான்தான்.

இப்போதெல்லாம் காலையில் சாரே போன் பண்ணுகிறார். "அம்மா, இன்னைக்கு எவ்வளவும்மா?"

அத்தை எண்ணைச் சொல்வதற்கு முன் காப்பியை முழுசாகக் குடித்து முடிக்கிறார்.