நான்கு கிலோமீற்றரும் நூற்றுப் பன்னிரண்டு கையொப்பங்களும்

கனடாவில் நீங்கள் போன பயணங்களில் எது மிகக் கடினமானது என்று இந்த இணையத்தளத்துக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மலை, பனி, கரடி என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள் போலும். உண்மையான பதில் ரொறன்ரோவுக்குள்ளேயே இருக்கும் ஒரு நான்கு கிலோமீற்றர். 1997 மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எங்கள் பகுதிக் கல்விச் சபையின் கூட்டத்துக்குப் போனேன். போன மாதம் ஒரு இளம் தாய், தன் பிள்ளையின் வகுப்பை நிறுத்தப் போகிறார்கள், சபைக் கூட்டத்துக்குப் போவது எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சபையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது இப்போது இல்லை. இல்லாதவரைக் குறை சொல்வது அழகில்லை.

அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கல்விச் சபை இருந்தது. எங்களுடையது சின்னது. எட்டு உறுப்பினர்கள், மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தவர்கள். மக்கள் என்றால் குடியுரிமை உள்ளவர்கள். எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் அகதி வழக்கு முடியாதவர்கள், மீதிப்பேர் முடிந்தும் குடியுரிமை கிடைக்காதவர்கள். ஆகவே அந்த எட்டுப் பேருக்கும் எங்களைத் தெரியாது, எங்களுக்கும் அவர்களைத் தெரியாது.

அவர்கள் நிறுத்தப் பார்த்தது ஈ.எஸ்.எல். வகுப்பை, அதாவது ஆங்கிலம் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கான வகுப்பை. என் மகள் ஆரணிக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் சேர்ந்து முதல் எட்டு மாதம் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டில் காது கிழியக் கத்துகிறவள், பள்ளியில் கழிவறைக்குப் போகவேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டாள். ஒருநாள் நனைந்த உடுப்போடு வீட்டுக்கு வந்தாள். பிறகு கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மிஸ் கரோல் என்ற ஆசிரியையிடம் தினமும் ஒரு மணித்தியாலம் அனுப்பினார்கள். அங்கேதான் பேசத் தொடங்கினாள். செப்டெம்பரிலிருந்து அந்த ஆசிரியை இல்லை என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது.

கட்டடத்தில் ஆறாம் மாடியில் சிவம் அண்ணை இருந்தார். ஊரில் கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் காலை வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஸ்பொன்சர் பத்திரத்துக்குக் காத்திருந்தார்கள். மகஜர் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்வார். மூன்று மாலை கதவு கதவாகத் தட்டி, நூற்றுப் பன்னிரண்டு பெயர்களோடு ஒரு மகஜரைத் தயாரித்துவிட்டார். அவர் ஒவ்வொரு கதவிலும் என்ன செய்தார் என்பது பின்னால் வரும். அதை நினைத்தால் இப்போதும் நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கூட்டம் மாலை ஏழு மணிக்கு. எங்கள் கட்டடம் பள்ளத்தாக்கின் இந்தக் கரை, சபை அலுவலகம் அந்தக் கரை. காகம் பறந்தால் நான்கு கிலோமீற்றர். காகத்துக்கு ரிரிசி என்கிற நகரப் போக்குவரத்து தேவையில்லை. நாங்கள் பஸ்ஸில் தெற்கே இறங்கி, புளோர் பாதாள ரயிலில் ஆறு தரிப்பிடம் போய், இன்னொரு பஸ்ஸில் வடக்கே ஏறவேண்டும். மொத்தம் பதின்மூன்று கிலோமீற்றர். கட்டணம் ஆளுக்கு இரண்டு டொலர். 4.50க்கு சிவம் அண்ணையும் நானும் தரிப்பிடத்தில் நின்றோம். 4.55க்கு வரவேண்டிய பஸ் 5.14க்கு வந்தது. மேலே மழைத் தூறல், தெருவோரம் உருகிய பனி கணுக்கால் வரை. என் கணவர் மிசிசாகாவில் விமானநிலைய வேலை, பின்னேர ஷிப்ட், அதனால் வரவில்லை. ஆரணியை அடுத்த வீட்டில் விட்டிருந்தேன்.

இரண்டாவது பஸ்ஸில் ஏறும்போது முதல் பஸ்ஸில் காசு கட்டியதற்குத் தந்த மாற்றுச்சீட்டைச் சாரதி கேட்டார். சிவம் அண்ணை தன்னுடையதை மகஜர் கோப்புக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அவ்வளவு பத்திரமாக வைத்ததில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் சனம் நனைந்துகொண்டு நிற்க, அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசியில் இன்னும் இரண்டு டொலர் போட்டார். பிறகு சாரதியிடம், கல்வித் திணைக்களம் வந்தால் சொல்லச் சொன்னார். அப்படி ஒன்று இந்த வழியில் இல்லையே என்றார் சாரதி. பிள்ளைகள் படிப்பு சம்பந்தமான இடம் என்று விளக்கினார் இவர். சாரதி எங்களை நல்ல மனதோடு ஒரு உயர்நிலைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். அங்கிருந்து தொள்ளாயிரம் மீற்றர் நடை. நாங்கள் சபை வாசலை மிதித்தபோது 6.53. சப்பாத்துக்குள் தண்ணீர்.

முன்மேசையில் இருந்த செயலாளர் பெண்மணி கேட்ட முதல் கேள்வி, பேசுவதற்குப் பெயர் பதிந்தீர்களா என்பது. அதை வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு முன் செய்திருக்க வேண்டுமாம். பதியாவிட்டால் மகஜரைக் கொடுக்கலாம், வாய் திறக்க முடியாது. அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மேசையிலிருந்த ஒரு சின்னப் புத்தகத்தைக் காட்டினார். அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்றேன். இந்த மேசையில் என்றார். விதியை அறிய இங்கே வரவேண்டும், வருவதற்கு முன் விதியை அறிந்திருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் சப்பாத்துத் தண்ணீர் கொதித்திருக்கும்.

பார்வையாளர் கதிரைகள் நாற்பது இருந்தன. நாங்கள் இருவர், பின்னல் வேலையோடு ஒரு பெண், நித்திரையில் ஒரு மனிதர். எங்கள் விடயம் பட்டியலில் பதினோராவது. நான்காவது, ஒரு பள்ளியின் வாகனத் தரிப்பிடத்துக்குத் தார் போடுவது. அதற்கு ஐம்பது நிமிடம் எடுத்தார்கள். புதுவருடம் பிறந்ததும் நகரத்துச் சபைகளை எல்லாம் இணைத்து ஒன்றாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே பலமாக இருந்தது. ஒன்பது மாதத்தில் கலையப் போகிற சபை, இருபது வருடம் உழைக்கும் தார் எது என்று விவாதித்தது. சிவம் அண்ணை இதையெல்லாம் குறிப்பெடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதினோராவது 8.40க்கு வந்தது. ஒரு உறுப்பினர், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியே இருக்கிறார்கள், மாகாணம் வைக்கப்போகும் மூன்றாம் வகுப்புச் சோதனையிலும் அப்படித்தான் இருக்கும், ஆகவே அந்த வகுப்பால் பயனில்லை என்றார். மருந்து குடித்தும் காய்ச்சல் விடவில்லை, எனவே மருந்தை நிறுத்து என்கிற நியாயம். இன்னொருவர், சபையின் பணம் பெரும்பாலும் வீட்டு வரியிலிருந்து வருகிறது, அதைக் கட்டுகிறவர்களையும் யோசிக்க வேண்டும் என்றார். நான் தலை குனிந்தேன். எங்களுக்கு ஏது வீடு? அப்போது தலைமயிர் முழுதும் நரைத்த ஒரு பெண் உறுப்பினர், வாடகைக்கு இருப்பவர்கள் கட்டும் வாடகைக்குள்ளும் அந்த வரி இருக்கிறது, அதை மறக்க வேண்டாம் என்றார். கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாத விடயம் அது. தலையை நிமிர்த்தினேன்.

பிறகு தலைவர் மகஜரை எடுத்தார். புரட்டினார். மீண்டும் புரட்டினார். எல்லாக் கையொப்பமும் ஒரே கையெழுத்தில் இருக்கிறதே என்றார்.

சிவம் அண்ணை எழுந்து நின்றார். பெருமையோடுதான் நின்றார். ஓம் சேர், எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன், ஒரு எழுத்துப் பிழை இருக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊரில் மகஜர் அப்படித்தான். எழுதத் தெரிந்தவர் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் சம்மதம் சொல்வார்கள், அவரே பெயரையும் போட்டுவிடுவார். யாரும் அதைக் களவு என்று நினைத்ததில்லை.

அப்படியானால் இதை உங்கள் ஒருவருடைய கையொப்பமாகத்தான் எடுக்கலாம், உங்கள் பெயர் எது என்றார் தலைவர். என் பெயர் இதில் இல்லை, நான் எழுதியவன் மாத்திரம் என்றார் இவர். அறையில் யாரோ சிரித்தார்கள். ஆக, நூற்றுப் பன்னிரண்டு பேரின் மகஜரில் ஒரு கையொப்பமும் இல்லை.

என் கோபம் முழுவதும் அந்த மனிதர் மேல் திரும்பியது. இவ்வளவு தூரம் நனைந்து வந்து, இவ்வளவு நேரம் தார் பற்றிக் கேட்டு, எல்லாம் இவருடைய அழகான கையெழுத்தில் போய்விட்டதே என்று பல்லைக் கடித்தேன். அப்போது நரைத்த பெண்மணி என்னைப் பார்த்தார். உங்கள் பெயர் இதில் இருக்கிறதா, அது நீங்கள் போட்டதா என்று கேட்டார். பேச அனுமதி இல்லாதவள்; கேள்வி கேட்டால் பதில் சொல்லலாமாம்.

தாளை வாங்கிப் பார்த்தேன். இருபத்தேழாவது நான். அதே வட்டமான எழுத்து. அவர் கதவைத் தட்டியபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். சட்டி கருகப் போகிறது என்று, "நீங்களே போட்டுவிடுங்கோ அண்ணை" என்று அடுப்படியில் இருந்து கத்தியது நான்தான். என் மகளுக்காக எழுதிய மகஜரில் என் பெயரைப் போட எனக்கு அரை நிமிடம் இருக்கவில்லை.

இல்லை, நான் போடவில்லை, போடச் சொன்னேன் என்றேன். இந்த ஆட்கள் எல்லாம் இப்போது வேலையில் நிற்கிறார்கள், ஆனால் எல்லோரும் இருக்கிறார்கள், என் மகள் அந்த அறையில்தான் பேசத் தொடங்கினாள் என்றேன். நான் வேலை செய்த டோனட் கடையில் பழகிய ஆங்கிலம். இலக்கணம் அங்கங்கே உடைந்தது. பேனை கேட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் கையொப்பம் போட்டேன். செயலாளர் குறிப்பில் எழுதினார்: மகஜர், ஒரு கையொப்பம். நரைத்த பெண்மணி இரண்டு வாரம் ஒத்திவைக்கக் கேட்டார். ஒத்திவைத்தார்கள்.

திரும்பும் ரயிலில் சிவம் அண்ணை கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன், வரவில்லை. உங்கள் பெயரை ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"என்ர பிள்ளையள் இங்க இல்லைத்தானே தங்கச்சி. பிள்ளையள் இருக்கிறவையெல்லோ கேக்கோணும்."

அடுத்த இரண்டு வாரம், வேலைக்குப் போவதற்கு முன் காலை ஆறரைக்கும் வந்தபின் மூன்று மணிக்கும் மின்தூக்கி வாசலில் தாளோடு நின்றேன். அண்ணை எழுதியபோது ஓம் என்ற பலர், தங்கள் கையால் போடச் சொன்னதும் பின்வாங்கினார்கள். "உதில சைன் வைச்சா கேஸுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" என்று ஒருவர் கேட்டார். வராது என்று சொன்னேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. பயந்து பயந்து அறுபத்தெட்டுப் பேர் போட்டார்கள். சிலர் தமிழில், ஒருவர் பெருவிரலால். அறுபத்தொன்பதாவதாக சிவம் அண்ணையிடம் நீட்டினேன். மறுத்தார். நீங்கள் கட்டும் வாடகையிலும் பள்ளி வரி இருக்கிறது அண்ணை, அந்த அம்மா சொன்னது கேட்கவில்லையா என்றேன். போட்டார், ஆகக் கீழே, சின்னதாக.

இரண்டாம் முறை வெள்ளிக்கிழமைக்கு முன்பே பெயர் பதிந்து, ஐந்து நிமிடம் பேசினேன். ஐந்துக்கு மூன்று வாக்கில் வகுப்பு தப்பியது. கொண்டாடாதீர்கள். ஜனவரியில் சபை கலைந்தது, பணத்தை மாகாணம் கையில் எடுத்தது, அடுத்த கோடையோடு மிஸ் கரோலை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ஆரணிக்கு அதற்குள் போதிய ஆங்கிலம் வந்துவிட்டது. எனக்கே பதில் சொல்லும் அளவுக்கு. சிவம் அண்ணையின் பிள்ளைகள் வந்து இறங்கியது அந்த செப்டெம்பரில். கொதிகலன் அறைக்குப் பக்கத்து அறையில் கதிரைகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். யாருக்காகவெல்லாமோ எழுதிய மனிதருக்குத் தன் முறை வந்தபோது அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பேசுவதற்குப் பெயர் பதியும் கடைசி நேரத்தைத் தொலைபேசியில் முதலே கேளுங்கள். பயண நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். மாற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் வையுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்; தார் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வாடகை வீடு என்று தலை குனியாதீர்கள். கையொப்பத்தை அவரவர் போடட்டும், மீன் கருகினாலும் பரவாயில்லை.

அந்த ஆண்டு ஒக்ரோபரில் இன்னொரு மகஜர் எழுதினோம், புதிய பெரிய சபைக்கு. அதன் அலுவலகம் இன்னும் தூரம், ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். என் மகளுக்கு அந்த வகுப்பு இனித் தேவையில்லை, ஆனாலும் போனேன். தாளை முதலில் சிவம் அண்ணையின் கதவில்தான் நீட்டினேன். உள்ளே அவருடைய சின்ன மகள் பள்ளிப் பையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பேனையை வாங்கினார், ஒன்றாம் இலக்கத்துக்கு நேரே தன் பெயரை எழுதினார்.