சேவுகன் பார்க்காத ஊர்

நேற்று அலுவலகத்தில் ஒருவர் லீவு முடிந்து வந்து மேசை மேசையாக இனிப்பு வைத்துவிட்டுப் போனார். வால்நட்டும் தேனும் சேர்த்து அழுத்திய கட்டி. கூடவே ஏதோ மலைச்செடியின் வாசனை. அது மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டேன். பாவம், கொண்டு வந்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் போய் வந்த ஊர் அப்படி.

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. ஐரோப்பாவின் ஓரத்தில் இருக்கிறது, குவைத்தில் தங்க அனுமதிக்கும் இக்காமா அட்டையைக் காட்டினால் விசா இல்லாமல் உள்ளே விடுவார்கள், அவ்வளவு தெரிந்தால் போதும். அதற்கு நான் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை.

போகலாம் என்று ஆரம்பித்தது நானல்ல, சேவுகன். சிவகங்கைப் பக்கத்துக்காரன். குவைத்தில் மங்காஃப் பகுதியில் ஆறு பேர் தங்கிய அறையில் எனக்கு மேல் கட்டில் அவனுடையது. கம்பெனியில் ரிக்கர் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டுவான். அவன் விரலை அசைத்தால் இருபது டன் இரும்பு ஓர் அங்குலம் இறங்கும், மடக்கினால் நிற்கும். ஆனால் இக்காமாவில் அவன் தொழில் ஆடு மேய்ப்பவர். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏஜென்ட் கையில் அன்றைக்கு எந்த விசா இருந்ததோ அதில் ஏறி வந்தவர்கள்தான் பாதிப் பேர். எங்கள் அறை வெல்டர் ஒருவர் தாளில் சமையல்காரர். அவர் சமைக்கும் முறை வரும் நாளில் நாங்கள் சத்தமில்லாமல் கடையில் குப்பூஸ் ரொட்டி வாங்கி வந்துவிடுவோம். சேவுகன் டியூட்டி முடிந்து வந்தால், ஆட்டையெல்லாம் பட்டியில் அடைத்தாயிற்றா என்று கேட்போம். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் அவன் கைபேசியில் அந்த ஊரின் ரோப் காரைத்தான் பார்ப்பான். ஆற்றைத் தாண்டிக் கோட்டைக்குப் போகும் ரோப் கார். அதில் உட்கார்ந்து போகிறவர்களை அவன் பார்த்ததே இல்லை. கம்பியைத்தான் பார்ப்பான்.

நான் டாகுமென்ட் கன்ட்ரோலர். காகித விஷயத்தில் பெரிய மேதாவி என்று நினைப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று அவனை ஃபஹாஹீலில் ஒரு டைப்பிங் சென்டருக்கு இழுத்துப்போய், அரபியில் இருந்த இக்காமாவை ஆங்கிலத்தில் மாற்றி முத்திரை குத்தி வாங்கி ஃபைலில் போட்டேன்.

"அரபியிலயே இருந்துட்டுப் போகட்டுமே மாப்ள" என்றான்.

உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றேன். இந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

அந்த ஊர் விமான நிலையத்தில் எனக்கு அரை நிமிடத்தில் முத்திரை விழுந்தது. சேவுகன் முறை வந்ததும் கூண்டில் இருந்த அதிகாரி என் அருமையான ஆங்கிலத் தாளை இரண்டு முறை படித்தார். பக்கத்துக் கூண்டுக்காரரிடம் தூக்கிக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். எத்தனை ஆடு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சேவுகனுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் ஓடிப்போய், இவர் ரிக்கர், கைதேர்ந்த தொழில்காரர் என்று படபடத்தேன். அப்படியானால் இந்தத் தாள் பொய்யா என்றார். ஆடு மேய்ப்பவனுக்கு ஊர் சுற்றிப் பார்க்க என்ன வேலை என்பதுதான் அவர்கள் கணக்கு. மேய்ப்பவனாகவே இருந்தால்தான் என்ன, அவனுக்குக் கண் இல்லையா?

அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். "நீ போ மாப்ள. ரெண்டு பேருமா திரும்பணும்? பாத்துட்டு வந்து சொல்லு" என்றான் சேவுகன்.

நான் போனேன். எத்தனை தடவை யோசித்தாலும் இந்த இடத்தில் வந்து பல்லைக் கடிக்கிறேன். போனது மட்டுமல்ல, இரண்டு நாளும் நன்றாகச் சாப்பிட்டேன், சுற்றினேன், ரோப் காரில் இரண்டு தடவை ஏறினேன்.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு சுலைமானி டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "மேல ஸ்டேஷன்ல கம்பிய எதுல இழுத்துக் கட்டியிருக்கான்? வெயிட்டு தொங்க விட்டிருக்கானா?"

எனக்குத் தெரியவில்லை. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் என் மூஞ்சி. கோட்டைக்கு முன்னால், ஆற்றுக்கு முன்னால், ரோப் கார் பெட்டிக்குள்ளே, இளித்துக்கொண்டு. ஒரே ஒரு படத்தின் மூலையில் கம்பி கொஞ்சம் விழுந்திருந்தது. அதை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தான். பரவாயில்லை, கொஞ்சம் தெரிகிறது என்றான். பார்க்கத் தெரிந்தவனைத் துரத்திவிட்டு என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள், படுபாவிகள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் திட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மறு வருடம் விசாவைக் கேன்சல் போட்டு ஊருக்குப் போனான். அப்புறம் அந்த அறையும் கலைந்தது. இப்போது நான் இருக்கும் அறையில் எங்காவது போவோமா என்று கேட்க ஆள் கிடையாது.

இனிப்பைக் குப்பையில் போட்ட கையோடு அவனுக்கு போன் செய்தேன். உன் இந்தியப் பாஸ்போர்ட்டில் தொழில் எதுவும் இல்லை, வேறு ஊருக்குப் போகலாம் வா, காகிதத்தில் நான் கையே வைக்க மாட்டேன் என்றேன்.

"வேணாம் மாப்ள. அங்கயும் ஒருத்தன் உக்காந்து நீ என்ன வேலை பாத்தேன்னு கேப்பான். ரிக்கர்னு சொன்னா இப்ப எனக்கே பொய் சொல்ற மாதிரி இருக்கு."